எர்ணாகுளத்து வாசகர்

மாப்ளே,

இன்று காலை போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பில், எஸ்டேட் வேலைக்குப் போகிற பதினொரு பேருக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தபோது அந்த மெயில் வந்தது. உன் வலைத்தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று திங்கட்கிழமைதோறும் வருமே, அதுதான். நீ செத்துப்போன நாளிலிருந்து அதில் ஆளே கிடையாது. இந்த வாரம் ஒருவர். ஊர், எர்ணாகுளம்.

போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வீட்ல ஏதும் சேதியா?" என்றாள். இல்லை என்று போனைப் பைக்குள் போட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியதை உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் நீ. பஸ்சு போர்டு, கோயில் நோட்டீஸ், எதையும் விட்டதில்லை. ஒருமுறை கண்ணீர் அஞ்சலி பேனர் முன்னால் நின்று, செத்தவர் பேரில் ஒற்று மிகுந்திருக்கிறது என்று அழுதுகொண்டிருந்த அவர் அண்ணனிடமே போய்ச் சொன்னாய். "தப்பத் திருத்துனா ஏன்டா எல்லாப் பயலும் மொறைக்கிறான்?" என்று என்னிடம் கேட்டாய். உனக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

உன் மகள் எர்ணாகுளத்தில் கூட வேலை பார்த்த பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். அம்மா இல்லாத பிள்ளை. நீ சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவளே அங்கே தமிழில் கல்யாணப் பத்திரிகை அடித்து உனக்குத் தபாலில் அனுப்பினாள். மலையாளத்து அச்சகம்; ஏழெட்டுப் பிழை இருந்தது. நீ சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்தினாய். கடைசியில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே உன் பேர் இருந்தது. அதன்மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டு, அதே கவரில் திருப்பி அனுப்பினாய். எனக்கு அதைக் காட்டியபோது உன் முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு உன்னை அறையலாம் போலிருந்தது. அதையும் நான் செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நீயும் பேசவில்லை. வேலையை விட்டு நின்றதும் வலைத்தளம் தொடங்கினாய். ஊர்ப்பேர்களைப் பற்றி எழுதுகிறேன் என்றாய். தேவாரம் பக்கத்துக் காட்டுப் பேர்கள், மலைமேல் வளைவுகளுக்கு ஜீப்புக்காரர்கள் வைத்த பேர்கள் என்று நாலைந்து எழுதினாய். ஆறாவதிலேயே மகள் வந்துவிட்டாள். அவள் சின்னப் பிள்ளையில் 'ஏலக்காய்' என்று சொல்ல வராமல் 'ஏக்கலாய்' என்று சொன்ன கதை.

யாராவது படிக்கிறார்களா என்று நச்சரித்தாய். வருகிறவர்களைக் கணக்குப் பார்க்கும் சங்கதியை நான்தான் பொருத்திக் கொடுத்தேன். எந்த ஊர், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று காட்டும். முதல் வாரமே அமெரிக்காவிலிருந்து ஐம்பது பேர் என்று குதித்தாய்.

"அது ஆளு இல்லடா, மெஷினு. சும்மா மேஞ்சிட்டுப் போகும்."

"அப்ப இந்த எர்ணாகுளம்? தினம் பதினொரு மணிக்கு வருதே?"

"அது ஆளுதான்டா" என்றேன். அப்போது நான் பொய் சொல்லவில்லை.

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அவளுக்கு ஆபீஸ்ல டீ நேரம் பதினொண்ணு" என்று மெதுவாகச் சொன்னாய். அதிலிருந்து நீ ஒரு நாள் தவறாமல் எழுதினாய். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் 'எர்ணாகுளத்து வாசகருக்கு' என்று ஒரு வரி.

எனக்குத் தெரியவந்தது ஒரு காய்ச்சலால். மூன்று நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தேன். மூன்றாம் நாள் நீ வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். சவரம் செய்திருக்கவில்லை. "மூணு நாளா அவ வரலடா. உடம்புக்கு ஏதும் முடியலையோ என்னமோ" என்றாய். காய்ச்சலில் கிடந்தவன் நான்.

மெட்டைத் தாண்டினால் கேரளா; நம் ஊர் சிக்னல் கிடைக்காது. எஸ்டேட்டுக்குப் போகிற எல்லாரும் போல என்னிடமும் மலைக்கு ஒரு கேரளா சிம் இருந்தது. நான் வேலை பார்க்கிற, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் பதினொரு மணிக்கு டீ கொடுப்பார்கள். டீயைக் குடித்துக்கொண்டே நீ எழுதியதைப் படிப்பேன். நான் உட்கார்ந்திருந்தது ஏலக்காய் மூட்டைமேல். ஆனால் கேரளா சிம்மில் யார் எங்கிருந்து பார்த்தாலும், உன் கம்ப்யூட்டரில் எர்ணாகுளம் என்றுதான் விழும். ஒரு எழுத்து தப்பாக இருந்தால் கண்டுபிடிக்கிறவன் நீ. ஒரு ஊரே தப்பாக இருந்தது, உனக்குத் தெரியவில்லை.

வாயைத் திறந்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "ஏதும் சோலியா இருக்கும், வருவா" என்று சொல்லிவிட்டேன். நீ போனதும் கேரளா சிம்மிலேயே உன் பக்கத்தைத் திறந்தேன். நீ வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்திருப்பாய், போன் வந்தது. "வந்துட்டாடா!" என்று கத்தினாய்.

அப்புறம் ஒன்றரை வருஷம் நான் தெரிந்தேதான் செய்தேன். தீபாவளியன்றும் செய்தேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்தேன் என்று எழுதலாம். அது பாதிதான் உண்மை. சொன்னால் நீ என்னைத் திட்டுவாய் என்ற பயமும் இருந்தது.

"ஒரு எட்டு எர்ணாகுளம் போய்ப் பாத்துட்டு வந்துருவமா? வெரசா போயிரலாம்டா" என்று எத்தனை தடவை கேட்டேன். "படிக்கிறவளுக்குத் தெரியும்டா எப்ப வரணும்னு. நான் போயி நின்னா அவளுக்குச் சங்கடம்" என்றாய். போன் பண்ணு என்றேன். "என் நம்பரை அடைச்சு வச்சிருப்பா" என்றாய். அடித்துப் பார்த்தாயா? இல்லை. எண்ணிக்கையில் ஒன்று விழுந்தால் போதும், உனக்கு அன்றைக்குச் சோறு இறங்கிவிடும். அந்த ஒன்றைப் போட்டுப் போட்டு உன்னை வீட்டிலேயே உட்கார வைத்தவன் நான்.

கடைசியாக நீ எழுதியது அந்தப் பத்திரிகை. மகளின் கல்யாணப் பத்திரிகையை முதல் வரியிலிருந்து ஒரு பிழையில்லாமல் தட்டச்சு செய்து போட்டிருந்தாய். கீழே 'தங்கள் நல்வரவை நாடும்'. அதற்குக் கீழே உன் பேர். மேலே வழக்கமான அந்த ஒரு வரியைத் தவிர வேறு ஒரு சொல் இல்லை. மூட்டைமேல் உட்கார்ந்து அதைப் படித்தேன். எனக்கு எழுதாத மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நீ எனக்குப் போன் பண்ணி, "ரொம்ப நேரம் பாத்திருக்காடா. இனி வந்துருவா" என்றாய். பத்து நாளில் நெஞ்சு வலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அவள் நம்பரைத் தேடி எடுத்து உன் போனிலிருந்தே அடித்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தாள் மாப்ளே. "அப்பாவா?" என்றாள். உன் போன் அல்லவா. சேதியைச் சொன்னேன்; கிளம்பி வந்தாள்.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் கேட்டேன். "அப்பா எழுதுனதெல்லாம் படிச்சியாம்மா?"

"அப்பா எழுதினாரா? எங்க மாமா?" என்றாள். பிறகு, "அவரு கூப்பிடுவாருன்னுதான் நம்பரை மாத்தாமலே வச்சிருந்தேன்" என்றாள். தளத்தின் முகவரியை அவள் போனுக்கு அனுப்பினேன். "பாக்கிறேன் மாமா" என்று போனாள். உன் அஞ்சலி போஸ்டரில் இரண்டு பிழை. நான் திருத்தச் சொல்லவில்லை.

அவள் கிளம்பிப் போனதும் முதல் வேலையாகக் கேரளா சிம்மைக் கழற்றிப் போட்டேன். ஸ்டோரில் இருக்கும்போது போனில் நான் கிடைப்பதில்லை என்று மேனேஜர் தினமும் ஏசுகிறார். ஏசட்டும். எர்ணாகுளம் என்று இனி விழுந்தால் அது நானாக இருக்கக் கூடாது.

இந்த வாரம் விழுந்திருக்கிறது. ஒரே ஒரு பக்கம், அந்தப் பத்திரிகைப் பக்கம், நாற்பது நிமிடம். அவளாக இருக்கலாம். மலைமேல் கேரளா சிம் வைத்திருக்கிற எவனாவது தடுக்கி விழுந்ததாகவும் இருக்கலாம். நீயாக இருந்தால் ஒரு நொடியில் நம்பியிருப்பாய். எனக்கு அது முடியவில்லை. அந்த ஊர்ப்பேரை நானே பாழாக்கி வைத்திருக்கிறேன்.

கேட்டுவிடலாம், ஒரு போன்தான். ஆனால் அவளாக இருந்தால் அடுத்து ஒன்று கேட்பாள். "எர்ணாகுளத்து வாசகருக்குன்னு அப்பா எழுதியிருக்காரே, அது யாரு மாமா?"

எஸ்டேட்டில் சிக்னல் இல்லை என்று பகலெல்லாம் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது ஊருக்கு இறங்கி பஸ்சு ஸ்டாண்டில் நிற்கிறேன். சிக்னல் முழுதாக இருக்கிறது. அவள் பேரை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தாமல் நிற்கிறேன். நீ ஏன் ஒரு தடவைகூட அடித்துப் பார்க்கவில்லை என்று உன்னை எத்தனை ஏசியிருப்பேன்.

அவள் இரண்டாவது ரிங்கில் எடுத்துவிடுவாள் மாப்ளே. அதுதான் பயமாக இருக்கிறது.