தீவுப் பெட்டியில் ஒரு இரண்டு

இனிஷ்வாரா தீவு
14 மே 1944

அன்புள்ள மலாக்கி அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை ஓனோரா எழுதிக்கொள்வது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கையெழுத்து மறந்திருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் மச்சான் கஹல் பிழைத்துவிட்டார். நேற்று எழுந்து உட்கார்ந்து, ஓட்ஸ் கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டினார். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெட்ரோல் இல்லாமல் மோட்டார் படகெல்லாம் கரையில் கிடக்க, நீங்கள் அந்தக் காற்றில் டாக்டரை ஏற்றிக்கொண்டு ஆறு மைல் துடுப்புப் போட்டு வந்தீர்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நுரையீரல் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். இந்த உதவிக்கு நான் என்ன சொல்ல? நீங்களோ படகைவிட்டு இறங்கவே இல்லை. மூன்று மணி நேரம் மழையில் உட்கார்ந்திருந்தீர்கள். யார் படகு என்று உங்கள் மச்சான் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று தெரியும். அன்றைக்கு, நம் ஆட்களே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டபோது, புது அரசாங்கப் படையின் உடுப்போடு வந்து அவரைப் பிடித்துப் போனது நீங்கள். பதினான்கு மாதம் உள்ளே இருந்தார். "நானா கூப்பிடாம என் வாசப்படிய மிதிக்காத" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கூப்பிட்டால் போதாதா அண்ணா?

உங்கள்
ஓனோரா


கில்டாரா
19 மே 1944

அன்புத் தங்கைக்கு,

கஞ்சிக்கு உப்புக் கேட்டானா? அப்படியென்றால் பயமில்லை. ஆண்டவனுக்கு நன்றி.

நீ கூப்பிட்டால் போதாது அம்மா. சொன்னவன் அவன், அவன்தான் கூப்பிட வேண்டும். அவனைக் கைது செய்தது உத்தரவு. ஆனால் உன் கண் முன்னால் செய்தேனே, அதற்கு யார் மீதும் பழி போட முடியாது.

இன்னொன்று. ரயில், பஸ் மசோதாவில் அரசாங்கம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றதும் உங்கள் கட்சிப் பிரதமர், அந்தப் பெரியவர், உடனே தேர்தல் என்று அறிவித்துவிட்டாரே. போன வருஷம்தான் ஓட்டுப் போட்டோம். உலகமே யுத்தத்தில் எரிகிறது, இங்கே எங்கள் கட்சி என்னை வேட்பாளராக நிறுத்தியிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஓட்டுப் போடும் முப்பதாம் தேதி வரை நான் தீவுப் பக்கமே வர மாட்டேன். ஓட்டுக்காகத் துடுப்புப் போட்டான் என்று ஒருத்தன் வாயிலும் வரக் கூடாது. நீயும் அவனிடம் எதுவும் சொல்லாதே. நன்றிக் கடனாக ஒரு ஓட்டும் எனக்கு வேண்டாம்.

உன்
மலாக்கி


இனிஷ்வாரா
31 மே 1944

அன்புள்ள அண்ணா,

நேற்று ஓட்டுப் பெட்டி படகில் வந்தது. கூட வந்த போலீஸ்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல், பெட்டிதான் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தது.

டாக்டர் எழுந்திருக்கக் கூடாது என்றாரே, உங்கள் மச்சான் கேட்டாரா? கம்பளியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்தார். "ஒரு ஓட்டுல கவுந்த கவர்மெண்டுடி, என் ஓட்டு இல்லாம எப்படி?" என்றார். சீட்டில் ஒன்று, இரண்டு என்று பிடித்த வரிசையில் எண் போடலாம்தான். ஆனால் இந்தத் தீவில் உங்கள் கட்சிக்காரர் பெயருக்கு எதிரே எந்த எண்ணும் இதுவரை விழுந்ததில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

மறைப்புக்குள் ரொம்ப நேரம் நின்றார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு வாரத்துக்கு ரேஷனில் அளந்து கொடுக்கிற தேயிலை முழுவதையும் நான் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஓனோரா


கில்டாரா
4 ஜூன் 1944

அன்புத் தங்கைக்கு,

தோற்றுவிட்டேன். உங்கள் கட்சி ஆள் ஜெயித்தார், பெரியவருக்குப் பெரும்பான்மையும் கிடைத்துவிட்டது. நான் நன்றாகத் தூங்கினேன்.

தீவுப் பெட்டியைத் திறந்தபோது நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். முப்பத்தோரு சீட்டு. ஒன்றாம் எண் எல்லாம் உங்கள் ஆளுக்கு. "தீவு அசையாதுப்பா" என்று பக்கத்தில் நின்றவன் சிரித்தான். ஒரே ஒரு சீட்டில் என் பெயருக்கு எதிரே ஒரு இரண்டு. வாலில் சின்ன முடிச்சுப் போட்ட இரண்டு. கஹல் தன் நண்டுக் கூடைகளில் தீட்டுவானே, அதே இரண்டு.

ஒன்றாம் எண்ணுக்கு உரியவர் தோற்று விலகினால்தான் இரண்டாம் எண்ணைப் பார்ப்பார்கள்; அவர் ஜெயித்ததால் அந்தச் சீட்டு அவரிடமே தங்கிவிட்டது. அந்த இரண்டை யாரும் எண்ணவே இல்லை. எந்தக் கணக்கிலும் அது வராது. நான் பார்த்தேன், அவ்வளவுதான். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றதற்கு அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அவனிடம் கேட்காதே. இது எனக்குப் போதும்.

மலாக்கி


இனிஷ்வாரா
7 ஜூன் 1944

மலாக்கிக்கு,

உன் கடிதத்தை உன் தங்கை ஒளித்து வைக்கத் தெரியாமல் ஒளித்து வைத்தாள். படித்தேன். ஓட்டு ரகசியம் என்று சட்டம் இருக்கிறது, அதற்கு உன் கண் மட்டும் விதிவிலக்கா?

படகு யாருடையது என்று அவள் சொல்லவில்லை. என் கட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. காய்ச்சலிலும் உன் துடுப்பு வீச்சு எனக்குத் தெரியாதா? மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். கூப்பிட எனக்கு அப்போது மூச்சு இல்லை. மூச்சு வந்தபோது வாய் வரவில்லை. இப்போது விடுகிற மூச்செல்லாம் நீ கொண்டுவந்து கொடுத்தது மச்சான்.

ஒன்றாம் எண் உனக்கு என்றைக்கும் கிடையாது. அதை மறந்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வா. நானே கூப்பிடுகிறேன். தேயிலையை மட்டும் கொண்டு வா, வீட்டில் ஒரு இலைகூட இல்லை.

கஹல்