கஜனியின் விசாரணைக்கு யார் போவது

கண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுந்தரிக்கு,

நானும் உன் மகள் கஜனியும் உடம்பளவில் சுகம். சைப்பிரஸில் நீயும், நீ பராமரிக்கும் அந்த அம்மாளும் சுகமாயிருக்கக் கதிர்காமத்தானை வேண்டுகிறேன். போனில் பேசினால் கஜனிக்குக் கேட்டுவிடும் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். குழப்பாமல் சொல்வதற்காக முதலிலேயே பிரித்துக்கொள்கிறேன்:

1. பயிற்சிக்குப் போன இடத்தில் கஜனிக்கு நேர்ந்தது.
2. செவ்வாய்க்கிழமை நடக்கும் விசாரணை.
3. நீ லீவு கேட்டு வரத் தேவையில்லை.

பள்ளியில் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் படிக்கும் பிள்ளைகளைக் கடுகண்ணாவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. பக்கத்தில் தாதி ஒருவர் நின்று பழக்க வேண்டும். ஆள் குறைவு என்று பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுகிறார்கள். போன வாரம் கலஹாவைச் சேர்ந்த கறுப்பையா என்ற முதியவருக்குக் கஞ்சி ஊட்டும்படி கஜனியிடம் சொல்லிவிட்டுத் தாதி போய்விட்டார். அவருக்கு விழுங்குவது கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. புரையேறி மூச்சடைத்துவிட்டது, இவள் கத்தியும் எவரும் வரவில்லை, இவள் கையிலேயே உயிர் போய்விட்டது. அவருடைய மகன் வந்து, ஸ்கூல் புள்ளய வச்சா எங்கப்பாவ பாத்தீங்க என்று கத்தியதும், இல்லத்துக்குப் பொறுப்பான மேட்ரன், இவள் படுக்கவைத்து ஊட்டியதுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். தலையணை வச்சு ஒக்கார வச்சுத்தான் குடுத்தேன் தாத்தா என்கிறாள் கஜனி. நான் நம்புகிறேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நான் போய் மேட்ரனைப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் கடகடவென்று பேச, பாதி புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டத் தலையாட்டினேன். இப்போது தாத்தாவே பிழையை ஒப்புக்கொண்டார் என்கிறாராம். இதைச் சொன்னவர் வகுப்பாசிரியை அனீஸா. செவ்வாக்கிழமை இல்லத்துல நடக்குற விசாரணைக்குப் பெரியவங்க யாராவது வந்து, அந்த நேரம் தாதி எங்க இருந்தாங்கன்னு கேக்கணும் ஐயா, இல்லாட்டி புள்ளய பயிற்சியில இருந்து நிப்பாட்டிடுவாங்க, பொலிசுக்கும் போகலாம் என்றார். மருமகன் உயிரோடிருந்தால் போயிருப்பார்.

நீ வந்தால் உன் வேலை போய்விடும், நானே போய்ப் பேசுகிறேன் என்று விளக்கமாக எழுத இருந்தேன். அதற்குள் கஜனி வந்து, நீங்க வராதீங்க தாத்தா, அவங்க என்ன சொன்னாலும் தலையாட்டுவீங்க, அம்மா இதே வேலதானே செய்றாங்க, அவங்களுக்குத்தான் கேக்கத் தெரியும் என்றாள்.

ஆகவே மூன்றாவதாக எழுதியது பிழை, மகளே. உடனே லீவு கேள். விசாரணையைத் தள்ளிவைக்கும்படி அனீஸா மூலம் கேட்கிறேன். முருகன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உனக்குப் பதிலாக வருபவளிடம், அந்த அம்மாளுக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று மறக்காமல் சொல்லிவிட்டு வா.

உன் அப்பா,
சண்முகநாதன்