மெமரியைக் கழற்றச் சொல்லும் உத்தரவு

அனுப்புநர்
கே. சைனபா,
தலைமைச் செவிலியர்,
மருத்துவ நிலையம்,
கொடித்தலைத் தீவு.

பெறுநர்
உபகரண வழங்கல் அலுவலர் அவர்கள்,
தலைமைத் தீவு.

பொருள்: புதிய மதர்போர்டில் பழைய மெமரி பொருந்தாமை – ஐஸ் தொழிற்கூடத்துடன் மாற்றிக்கொண்டது – அதைத் திரும்பக் கழற்றச் சொல்லும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கர்ப்பிணிகளின் வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பை எங்கள் கருவி வரைகிறது. அதைக் கடலுக்கு அப்பால் கரையிலுள்ள பெரிய மருத்துவமனையின் டாக்டரம்மா பார்ப்பது எங்களிடமுள்ள ஒரே கணினி வழியாகத்தான். சென்ற மாத இடியில் அதன் மதர்போர்டு கருகிப்போனது. விடுப்பில் கரைக்குப் போன எங்கள் தீவு டாக்டரும் இன்னும் திரும்பவில்லை.

2. தாங்கள் கப்பலில் அனுப்பிய புதிய போர்டுக்கு நன்றி. பழைய ப்ராசசர் அதில் அழகாக உட்கார்ந்தது. மெமரி உட்காரவில்லை. எங்களுடையது பழைய டிடிஆர்-3. புதிய போர்டு டிடிஆர்-4 மட்டுமே ஏற்கும். மெமரியின் அடியிலுள்ள வெட்டு ஓரிடத்தில், போர்டிலுள்ள மேடு வேறிடத்தில். தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மெமரிதான் உங்ககிட்டயே இருக்கே சிஸ்டர், புதுசு எதுக்கு? நல்லா அழுத்துங்க, உட்காரும்" என்றார் எழுத்தர். அழுத்தியிருந்தால் இரண்டும் உடைந்திருக்கும். மறுபடி கேட்டதற்கு, அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்றார். மழைக்காலத்தில் அடுத்த கப்பல் எப்போது வரும் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

3. தடுப்பூசிப் பெட்டிக்கு ஐஸ் வாங்க மீனவர் சங்கத்தின் ஐஸ் தொழிற்கூடத்துக்குப் போனேன். அங்கே செயலாளர் பூக்குஞ்ஞி காக்கா தம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் அவர்களுடைய மெமரி கெட்டுப்போய், அவர்களுக்கும் தாங்கள் புதிது அனுப்பியிருந்தீர்கள். "சூரை கேட்டா சாளைய அனுப்பிட்டு, ரெண்டும் மீன்தானேங்கிறான் சைனபா! எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைய மாட்டேங்குது" என்றார். அவர் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தேன். ஐயா, டிடிஆர்-4! அவருடைய போர்டோ எங்கள் பழைய மெமரியின் இனம். இரண்டு பொட்டலங்களும் ஒரே கப்பலில் வந்து, ஒரே படகுத்துறையில் அக்கம்பக்கமாக இறங்கியவை.

4. ஐஸை வாங்காமலே ஓடினேன். "நில்லு பெண்ணே, அது சங்கத்துச் சொத்து!" என்று கத்தியபடி காக்காவும் பின்னால் ஓடிவந்தார். எங்கள் போர்டில் வைத்தவுடன் 'டக்' என்று இரு பக்கக் கொக்கிகளும் பூட்டிக்கொண்டன. திரை ஒளிர்ந்தது. நான் சத்தம் போட்டதில் ஊசி போட வந்த நோயாளி ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். எங்கள் பழைய மெமரியைக் காக்கா கொண்டுபோனார். அவருடைய கணினியும் ஓடியது. இருவரும் கையெழுத்திட்டு, நடந்ததை ஒளிக்காமல் தங்களுக்கு எழுதினோம்.

5. நேற்றுக் காலை தங்கள் அலுவலகத்தின் பதில் அதே கணினியில் வந்து சேர்ந்தது. அனுமதியின்றிப் பொருள்களை மாற்றியது விதிமீறல் என்றும், இன்றே கழற்றி அவரவர் இடத்தில் வைத்து, பொருந்தாதவற்றைக் கப்பலில் திருப்பியனுப்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. கீழ்ப்படிவதற்காகத் திருப்புளியை எடுத்து மேசைமேல் வைத்தேன் என்பது உண்மை.

6. அப்போதுதான் ஹாஜரோம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிறைமாதம், முதல் பிரசவம். கால் வீங்கி, கண் மங்குகிறது என்றாள். இரத்த அழுத்தம் மிக அதிகம். கருவியைப் பொருத்தி வரைபடத்தை அனுப்பினேன். பார்த்த டாக்டரம்மா, "சிஸ்டர், குழந்தையோட துடிப்பு விழுந்து விழுந்து எழும்புது. கப்பலுக்கெல்லாம் காத்திருக்க முடியாது. ஹெலிகாப்டருக்கு நான் சொல்றேன், நீங்க ஊசியப் போடுங்க" என்றார். மேகம் சற்று விலகியபோது ஹெலிகாப்டர் பள்ளி மைதானத்தில் இறங்கியது. அவள் என் கையை விடவில்லை. "ராத்தா, பிள்ள பொழைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள்.

7. ஆகவே ஐயா, தங்கள் உத்தரவை நான் நிறைவேற்றவில்லை. நிறைவேற்றவும் மாட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தண்டனை உண்டென்றால் எனக்கு மட்டும் தாருங்கள். பூக்குஞ்ஞி காக்கா என் பின்னால் ஓடிவந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நடந்த மாற்றத்தை அப்படியே ஏற்றுப் பதிவு செய்யும்படியும், இனி எந்தத் தீவுக்கும் போர்டு அனுப்புமுன் அங்குள்ள மெமரி எந்த இனம் என்று ஒரு வார்த்தை கேட்கும்படியும் வேண்டுகிறேன்.

8. கையெழுத்திடப் பேனாவை எடுத்த நேரத்தில் கரையிலிருந்து டாக்டரம்மா அழைத்தார். பெண் குழந்தை, ஐயா! இரண்டு கிலோ இருநூறு கிராம். தாய் கண் விழித்துவிட்டாள். அழுகைச் சத்தத்தை எனக்கும் கேட்க வைத்தார். இந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய குரல்! இதையும் மனுவின் ஒரு பத்தியாகவே கருதி, தாங்கள் தக்க உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.

இடம்: கொடித்தலைத் தீவு
நாள்: 18.07.2023

தங்கள் பணிவுள்ள,
கே. சைனபா