கொதிகலன் பக்கத்து அறை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பனியில் வெளியே போகாதீர்கள். நான் நலம். சட்டமன்றத்தில் என் அறையைத்தான் கீழ்த்தளத்துக்கு, கொதிகலன் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பன்றிப் பண்ணை முதலாளிகள் சங்கம் எழுதிக் கொடுத்த மசோதாவை நம் கட்சியே கொண்டுவந்தது. அது நிறைவேறினால் நம் ஊர்க் கிணறுகளில் பன்றிக் கழிவுதான். எதிர்த்து ஓட்டுப் போட்டேன்.

கட்சிக் கொறடா ஹார்லன் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா லோர்னா, உன் தேர்தலுக்குச் செலவு பண்ணினதே அந்தச் சங்கம்தான். கொஞ்சமாவது நன்றி வேணாமா?"

"செலவு பண்ணினது அவங்க. ஓட்டுப் போட்டது அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிக்கிறவங்க" என்றேன்.

மறுநாளே என் மேசை கீழே இறங்கிவிட்டது.

இங்கே ஜன்னல் இல்லை, ஒரே புழுக்கம். மெல்லிய சட்டை இரண்டு அனுப்புங்கள். உங்கள் பழைய ரேடியோவும் வேண்டும். இப்போது யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

மேலவைக்குப் போன மசோதா சில திருத்தங்களோடு இன்று எங்கள் ஓட்டுக்குத் திரும்பி வருகிறது. மறுபடியும் 'எதிர்ப்பு' என்ற சிவப்புப் பொத்தானைத்தான் அழுத்துவேன். தேர்தலுக்கு நம் வீட்டுப் புல்தரையில் நட்ட என் பெயர்ப்பலகையைப் பிடுங்கக் கட்சி ஆட்கள் வருவார்கள். பிடுங்கட்டும். நாற்பது வருடக் கட்சிக்காரர் நீங்கள். கடப்பாரையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓட்டெடுப்பு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
லோர்னா