நோகாத கால்

மஸ்கட்
12.3.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா?

நேற்று வேலையிடத்தில் என் காலில் ஆணி ஏறிவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் தரையில் ரத்தத்தைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லை, அம்மா.

சின்ன வயதில், சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் உன்னைப் பெற்ற ஆயாவின் காலைக் கிளிஞ்சல் கிழித்தபோது நான்தான் அழுதேன். சர்க்கரை வியாதியில் மரத்துப்போன கால். "எனக்கே நோவல, நீ இன்னாத்துக்குடா அழுவுற?" என்று சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி வந்தது. அந்தக் காலைத்தான் பிறகு எடுத்தார்கள்.

நாளை எனக்கு ரத்தப் பரிசோதனை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. ஆயாவுக்கு எந்த வயதில் தொடங்கியது என்று எழுது. என் மனைவியிடம் இப்போது சொல்லாதே. குழந்தையைச் செருப்பில்லாமல் மணலில் விடாதே. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மகன்,
தணிகாசலம்