ஆர்ச் டைப்பு வீடு

லெப்பைக்குடிக்காடு
14.3.2003

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம், வீட்டைத் தவிர.

நம் புது வீடு தெருவுக்கே ஆர்க்கிடைப்பாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எதற்காக இங்கிலீஷ் எழுத்தில் எழுதினீர்கள்? எனக்கு விளங்காமல் கொத்தனார் வீரமுத்துவிடம் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆர்ச் டைப்பு கேக்குறாரும்மா. அசத்திப்புடலாம்" என்றார்.

இப்போது வாசல், ஜன்னல், அடுப்படி, குளியலறை எல்லாமே வளைவு. கோழிக்கூட்டுக்குக்கூட ஆர்ச் வைத்துவிட்டார். அரியலூர் ஆசாரி முன்பே செய்து அனுப்பிய சதுரக் கதவு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. குளியலறை வாசலில் என் பழைய சேலையைக் கட்டியிருக்கிறேன்.

ஆத்திரம் தாங்காமல் நேற்று பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் டிக்ஷனரி வாங்கினேன். ஆர்க்கிடைப் என்றால் முதல் வார்ப்பு என்று அர்த்தமாம். பின்னால் வருவதெல்லாம் அதைப் பார்த்துச் செய்த நகலாம். இதைத் தமிழில் எழுத உங்களுக்குக் கை வலித்ததா?

எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று பார்க்க ஒரு வாக்கியம் எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பு துபாய் போனதும் நீங்கள் எழுதிய "வர்ற பெருநாளைக்கு வந்துடுறேன்" என்பதுதான் ஆர்க்கிடைப். அதற்குப் பிறகு வந்த கடிதமெல்லாம் நகல்.

புதுக் கதவு செய்ய வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். நீங்களே வந்து அளவு எடுங்கள்.

இப்படிக்கு,
கதவில்லாத வீட்டுக்காரி