வெட்டுக்கிளியின் புது முகம்

அன்புள்ள சின்னவளுக்கு,

உடம்பும் மனசும் ஒழுங்காக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன், இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் முனகுகிறது, மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், யார் எதைக் காட்டினாலும் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வழக்கம்போல் எல்லோருக்கும் நல்லவராக இருக்கிறார். அண்ணன் இதற்குள் உனக்குப் போன் செய்து நடந்ததைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருப்பான், நீ என்னோடு பேசாமல் இருப்பதிலிருந்தே அது தெரிகிறது. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

நீ வேலை பார்க்கும் கார் கம்பெனியின் புது வெட்டுக்கிளி இந்த ஊருக்கு வருகிறது, நான்தான் திரையை விலக்க வேண்டும் என்று ஷோரூம் முதலாளி வீடு தேடி வந்து கேட்டார். "மலை ரேஸ்ல முதல் வெட்டுக்கிளியை ஓட்டி ஜெயிச்சவங்க நீங்க, நீங்கதாம்மா எங்க வரலாறு" என்றார். உயிரோடு இருக்கிறவளை வரலாறு என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் ஒத்துக்கொண்டேன், அந்த வண்டியின் முகம் நீ வரைந்தது என்று நீயே சொல்லியிருந்தாய், எதற்காக இத்தனை காலம் ஒழுங்காகச் சாப்பிடாமல் வேலை செய்தாய் என்று பார்க்க எனக்கும் ஆசை. அண்ணன் வேறு தனக்கென்று ஒன்றைப் பதிவு செய்து வைத்திருந்தான். பழைய ரேஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார் முதலாளி, அது இப்போது என் ஒரு கைக்குத்தான் காணும் என்றேன், உடனே அதே மாதிரி புதிதாக ஒன்று தைத்து அனுப்பிவிட்டார். பிரித்தால் மார்பில் எண்ணெய்க் கறை. யாரோ அழுக்குக் கையால் தொட்டுவிட்டார்கள் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன், அசையவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது அச்சடித்த கறை. ஒரு வண்டிக்கு அடியில் கூடப் படுக்காத ஜாக்கெட்டுக்குக் கறை எதற்கு?

வண்டியைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை, நீ அதற்கென்றே படித்தவள், நான் ஓட்டியவள், ஓட்டியவள் பேசுகிற அளவுக்குப் பேசுகிறேன். முதல் வெட்டுக்கிளி ஒரு தகர டப்பா, அதை அழகு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. பானெட்டில் ஓர் ஓட்டை இருக்கும், கீழே டர்போ கொதிக்கும், அதற்குக் காற்று வேண்டும், அதனால் ஓட்டை. சக்கரம் அகலம், அதனால் மட்கார்டு புடைத்திருக்கும். எதைக் கேட்டாலும் அந்த வண்டியிடம் ஒரு பதில் இருந்தது. வெட்டுக்கிளி முத்திரை கட்டைவிரல் நகம் அளவுதான், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் ஜெயித்ததைப் பார்த்துவிட்டு அடுத்த தலைமுறையில் பின்பக்கம் இஸ்திரி மேஜை மாதிரி ஒரு றெக்கையை வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்து விற்றார்கள், வாலிபப் பசங்களெல்லாம் அதன் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள், போகட்டும், அந்த றெக்கை வேகத்தில் வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடித்தது. அந்தப் பசங்களுக்குத் தொப்பை விழுந்தபோது தொப்பைக்கு ஏற்றாற்போல் மூன்றாவது வந்தது, தோல் சீட்டு, பீரோவைச் சாத்துகிற மாதிரி கதவுச் சத்தம், இன்ஜின் ஓடுகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டேன், வயசானால் யாருக்கும் சொகுசு கேட்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேகத்தைவிட முத்திரைதான் அதிகமாக வளர்ந்தது.

விழா அன்று ஷோரூமில் கண்ணைக் கரிக்கிற புகை, மேளம் மாதிரி ஏதோ ஒரு சத்தம், வந்தவர்களெல்லாம் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துணியை இழுத்தேன், இழுத்துவிட்டு ஓர் அடி பின்னால் போனேன். கண்கள் கத்தியால் கீறின மாதிரி இரண்டு கோடு, வாய் மட்டும் தரை வரைக்கும், முன்னால் போகிறவனை முழுங்கப் போவது போல. உயரமும் பருமனும் எருமைக்கு உள்ளது. அந்த எருமையின் நெற்றியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெட்டுக்கிளி, அதற்குள் விளக்கு வேறு எரிகிறது. பம்பரில் இரண்டு பக்கமும் பெரிய காற்றுத் துவாரம், ஒன்றில் விரலை விட்டேன், நகம் இடித்தது, கறுப்பு பிளாஸ்டிக்கைத் தேன்கூடு மாதிரி செய்து மூடி வைத்திருக்கிறார்கள். பின்னால் போய்க் குனிந்தேன், பளபளவென்று நான்கு சைலன்சர் வாய், நான்கும் அடைப்பு, உண்மையான குழாய் ஒன்று வெட்கப்பட்டுக்கொண்டு அடியில் ஒளிந்திருக்கிறது. அங்கே விற்பனைக்கு நிற்கிற பெண் ஒரு பொத்தானை அழுத்தி, "இதுல முதல் வண்டியோட சத்தமும் இருக்கு மேடம்" என்றாள், ஸ்பீக்கரிலிருந்து உறுமல் வந்தது, வண்டி நின்ற இடத்தில் சும்மா நின்றது. செத்துப்போனவர் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்ல விடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

அதோடு முடிந்திருந்தால் உனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் சுவரில் மாட்டியிருந்த வீடியோ திரையில் நீ வந்தாய். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாய், அது நன்றாக இருக்கிறது, கழுத்து எலும்பு தெரிகிறது, அது நன்றாக இல்லை. "அம்மா ஓட்டும்போது அவங்க முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சேன். கோபம். எதிர்ல வர்றதையெல்லாம் முறைக்கிற கோபம். அதைத்தான் இந்த வண்டிக்குக் குடுத்தேன்" என்று நீ சொன்னாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. நீ எப்போது என் முகத்தைப் பார்த்தாய்? எங்களோடு வந்ததெல்லாம் பின்சீட்டில், ஒரு பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டு, நீ பார்த்தது என் பிடரியைத்தான். என் முகத்தைப் பார்த்தவர் ரேஸில் பக்கத்தில் உட்கார்ந்து வழிக் குறிப்பைப் படித்துச் சொன்ன உன் அப்பா ஒருத்தர்தான். அவர் என் காதில் மெல்ல, "கோபமா? உனக்கா? வளைவுல திருப்புறப்ப நீ நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஊசியில நூல் கோக்கிற மாதிரில்ல இருப்ப" என்றார். எல்லாவற்றையும் நல்லாத்தானே இருக்கு என்கிற மனுஷன் அன்றைக்கு அந்த வண்டியைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை.

அதற்குள் மைக் என் கைக்கு வந்துவிட்டது. இதுதான் என் முகம், இதுதான் உண்மையான வாரிசு என்று இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று முதலாளி முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். நான் சொன்னது இதுதான், அண்ணன் சொன்னதை நம்பாதே: "என் மக நல்லா வரைவா. ஆனா இது என் முகம் இல்லை. கோபத்தோட மலையில ஓட்டியிருந்தா முதல் வளைவுலயே பள்ளத்துல கிடந்திருப்பேன். அப்புறம் இந்த ஓட்டையில காத்து போகாது, விரலை விட்டுப் பாத்தாச்சு." அவ்வளவுதான். முதலாளி அதை நகைச்சுவை போல ஆக்கிக் கெக்கெக்கே என்று சிரித்தார், வேறு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அண்ணன், "உன் வாய் சும்மா இருக்காதாம்மா? அவ சோத்துல மண்ணைப் போட்டுட்டியே" என்று பொரிந்துகொண்டே வந்தான், அண்ணி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம் ஒரு பக்கம், நீயா இப்படிச் செய்தாய் என்கிற அருவருப்பு இன்னொரு பக்கம்.

மறுநாள் காலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போய், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். முதலாளி திருடிக்குச் சாவி கொடுக்கிற மாதிரி கொடுத்தார், அந்த விற்பனைப் பெண்ணைக் காவலுக்குப் பின்னால் உட்கார வைத்தார். மலைப் பாதைக்குப் போகும் முன் அந்தப் போலிச் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். சின்னவளே, சொல்லவே வாய் கூசுகிறது, வண்டி நன்றாகப் போகிறது. எங்கள் வண்டியைவிட நன்றாகப் போகிறது. நினைத்த இடத்தில் திரும்புகிறது, ஈரத்தில் வழுக்குவதற்கு முன்னாலேயே தன்னைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு நல்ல வண்டிக்கு அந்த மூஞ்சி எதற்கு என்று எனக்கு ஆத்திரம்தான் கூடியது. முகப்புக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உள்ள தூண் இந்தக் காலத்து வண்டிகளில் ஆள் மறைகிற அளவுக்குத் தடிமனாக இருக்கிறதே, இதில் அது மெலிதாக இருக்கிறது, அதனால் குள்ளமான எனக்கே வளைவின் உள்பக்கம் முழுசாகத் தெரிந்தது. இது எப்படி என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "அதுவா மேடம், அதை விளம்பரத்துலகூடப் போடலை. செலவு அதிகம்னு மேலிடத்துல வேணாம்னாங்களாம், டிசைன்ல யாரோ ஒருத்தர் பிடிவாதமா நின்னு வாங்கிட்டாங்களாம்" என்றாள். பிடிவாதம் என்றதும் அப்பா என்னைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன். அது நீதானா? நீ என்றால், அதை ஏன் திரையில் வந்து சொல்லவில்லை? நீ முகத்தை வரைந்தாயா, இல்லை வரைந்ததை வாங்கி அவர்கள் பல்லும் கொம்பும் வைத்தார்களா? என்னிடம் நீ மழுப்ப வேண்டாம்.

அண்ணன் தன் வண்டியை எடுத்துவிட்டான். நம் வாசலில்தான் நிற்கிறது, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே செய்கிறான்.

நேற்று முதலாளி மறுபடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தால் பல்லெல்லாம் தெரிய வருகிறார். நான் ஓட்டையில் விரல் விட்டதை யாரோ படம் பிடித்துப் போட்டு ஊரெல்லாம் பார்த்துவிட்டார்களாம், வண்டி கேட்டு வருகிற கூட்டம் கூடிவிட்டதாம், உங்கள் தலைமை அலுவலகமே அதை விளம்பரமாகப் போட விரும்புகிறதாம், "அம்மாக்களுக்குப் பிடிக்காத வண்டி" என்று வாசகம்கூட எழுதியாகிவிட்டதாம். "ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்மா, உங்க மகளுக்கும் அங்க நல்ல பேரு" என்று பேனாவைத் திறந்து நீட்டினார். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, நம் வீட்டு விரிப்பின் மேல் நின்றுகொண்டிருந்தார் என்பதால் விழுங்கிக்கொண்டேன். அந்த ஓட்டையை நிஜமாகத் திறந்துவிட்டு வாருங்கள், போடுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டு போகிறார், அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

நீ எங்கே இருந்தாலும் உடம்பில் தெம்பும் கையில் வேலையும் குறையாமல் இரு, அப்பாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான். வேளைக்குச் சாப்பிடு, அந்தக் கழுத்தை மறுபடி அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதற்குக் கட்டாயம் பதில் எழுது, திட்டுவதாக இருந்தாலும் எழுது. என் பேச்சால் உன் வேலைக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் மறைக்காமல் சொல், உனக்காக அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடுகிறேன். ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போடுவேன், அதையும் படம் பிடித்து விற்பார்கள்.

அன்போடு,
அம்மா